பிஎச்பியில் க்யூ வொர்க்கர் எழுதுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேபிட்எம்க்யூ (சுருக்கமாக ரேபிட்) என்பது செய்ய வேண்டிய வேலைகளை மெசேஜ்களாக ஒரு வரிசையில், அதாவது க்யூவில், வைத்திருக்கும் சாஃப்ட்வேர். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் புரோகிராம்தான் வொர்க்கர். ரேபிட்டில் இருந்து மெசேஜ் எடுத்து பிஎச்பியில் வேலை செய்ய வைப்பது பற்றி டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். லாராவெல், சிம்ஃபனி மெசஞ்சர் என்ற பிஎச்பி கருவிகளையோ அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸையோ பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், பெயர்கள் மட்டும் மாறும்.

எனக்கு க்யூ உண்மையிலேயே தேவையா?

வாடிக்கையாளர் ஆர்டர் பட்டனை அழுத்துகிறார். நீங்கள் பில்லை பிடிஎஃப் ஆக்கி, மெயில் அனுப்பி, எஸ்எம்எஸ் அனுப்பி, கிடங்கு சாஃப்ட்வேருக்கும் தகவல் சொல்லிவிட்டுத்தான் "நன்றி" பக்கத்தைக் காட்டுகிறீர்கள் என்றால், தேவை. அதில் மெயில் சர்வர் ஒன்று மந்தமாக இருந்தாலே ஆர்டர் பக்கம் முழுக்கத் தொங்கும்.

ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது மெயில்தான் போகிறது என்றால் இதற்காக ரேபிட்டை நிறுவிப் பராமரிக்க வேண்டாம். ஒரு டேபிளும், நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் கிரானும் போதும். டேட்டாபேஸ்களில் மைஎஸ்க்யூஎல் 8, போஸ்ட்கிரஸ் 9.5 முதல் "ஸ்கிப் லாக்ட்" என்ற வசதி இருக்கிறது. அதை வைத்தால் இரண்டு வொர்க்கர்கள் ஒரே ரோவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாது, ஒன்று பூட்டிய ரோவை மற்றது தாண்டிப் போய்விடும். இந்த ஏற்பாட்டிலேயே வருடக்கணக்காக நிம்மதியாக ஓடும் சைட்டுகள் இருக்கின்றன.

பிஎச்பி இதற்குச் சரிப்பட்டு வருமா? நோட், கோ என்று வேறு பக்கம் போகலாமா?

சரிப்பட்டு வரும். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த ஒன்றிலிருந்துதான் முளைக்கின்றன.

வெப்பில் பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒரு ரெக்வெஸ்ட்டுக்காகப் பிறக்கும், பதிலைக் கொடுக்கும், செத்துப்போகும். நினைவகத்தில் நீங்கள் சிந்தியது, மூடாமல் விட்ட ஃபைல், ஸ்டாட்டிக் அரேயில் கொட்டியது எல்லாம் அதோடு போய்விடும். நாம் எழுதும் கோட் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் மொழியே கூட்டிப் பெருக்கிவிடும். வொர்க்கர் அப்படி இல்லை, அது மணிக்கணக்கில் ஒரே லூப்பில் உயிரோடு இருக்கும். (கமாண்ட் லைனில் ஓடும்போது பிஎச்பிக்கு இயல்பாகவே நேர வரம்பு 0, அதாவது வரம்பே இல்லை.) காலையில் சிந்தியது மாலையிலும் அங்கேயே கிடக்கும்.

கிரான் போட்டு நிமிடத்துக்கு ஒரு முறை க்யூவை எட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ரேபிட்டின் அருமை போய்விடும். "ஏதாவது இருக்கிறதா" என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைவிட, கன்சியூமராக (மெசேஜ் வாங்குபவராக) பதிவு செய்துகொண்டு காத்திருங்கள். மெசேஜ் வந்த கணமே ரேபிட் உங்கள் ஃபங்ஷனைத் தேடி வரும். எஸ்க்யூஎஸ்ஸில் இந்தத் தள்ளிவிடும் முறை கிடையாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். அங்கே லாங் போலிங்கை, அதாவது ஒரு முறை கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, அதன் உச்ச அளவான 20 விநாடிக்கு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலி க்யூவைக் கேட்டுக் கேட்டே பில் ஏறும்.

ஒப்புகை எப்போது அனுப்ப வேண்டும்?

வேலை முடிந்த பிறகு. எப்போதும்.

பதிவுத் தபாலோடு ஒட்டி வரும் ஒப்புகை அட்டை ஞாபகம் இருக்கிறதா? "ஆக்" என்று நாம் பேச்சில் சொல்வது அதுதான். நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை ரேபிட் அந்த மெசேஜை அழிக்காது, "கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை" என்ற கணக்கில் வைத்திருக்கும். நடுவில் உங்கள் வொர்க்கர் இறந்தாலோ கனெக்‌ஷன் அறுந்தாலோ மெசேஜ் க்யூவுக்கே திரும்பிவிடும், அடுத்த வொர்க்கர் எடுத்துக்கொள்ளும்.

புதியவர்கள் செய்யும் தவறு, கன்சியூமர் பதிவில் "நோ ஆக்" என்ற இடத்தில் ட்ரூ என்று கொடுத்துவிடுவது. உதாரணக் கோட் சிலவற்றில் அப்படி இருக்கும், அதை அப்படியே ஒட்டிவிடுவார்கள். அப்போது மெசேஜை சாக்கெட்டில் எழுதிய நொடியிலேயே ரேபிட் அதை மறந்துவிடும். வொர்க்கர் அடுத்த வரியில் செத்தால் அந்த ஆர்டர் போனது போனதுதான், லாகில்கூடத் தடம் இருக்காது. தொலைந்தாலும் பரவாயில்லை என்ற வகை மெசேஜ்களுக்கு, அதாவது "இந்தப் பக்கத்தை ஒருவர் பார்த்தார்" மாதிரி எண்ணிக்கைகளுக்கு, வேண்டுமானால் அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறு, ட்ரை-கேட்ச் போட்டு அதன் ஃபைனலி பகுதியில் ஆக் அனுப்புவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் வேலை தோற்றாலும் "முடிந்தது" என்று கையெழுத்துப் போகும்.

ஒரே மெசேஜ் இரண்டு முறை வருகிறதே, ரேபிட்டில் பிழையா?

இல்லை. வரும் என்று எதிர்பார்த்துத்தான் கோட் எழுத வேண்டும்.

வேலையை முடித்துவிட்டீர்கள், ஆக் அனுப்பப் போகும் அந்த இடைவெளியில் கனெக்‌ஷன் போய்விட்டது. ரேபிட்டுக்கு நீங்கள் முடித்தது தெரியாது, அது இன்னொருவரிடம் கொடுக்கும். "குறைந்தது ஒரு முறை" என்பதுதான் ஒப்பந்தம். எஸ்க்யூஎஸ்ஸின் சாதாரண க்யூவுக்கும் அதே ஒப்பந்தம்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இதைத் தெரிந்தும் அலட்சியமாக விட்டிருந்தேன். ஒரு மாதக் கடைசி இரவில் பில் மெயில் அனுப்பும் வொர்க்கர் ஒவ்வொன்றாக நினைவகம் தீர்ந்து செத்துக்கொண்டே இருந்தது, செத்த புரோகிராமை மறுபடி தொடங்கிவிடும் சூப்பர்வைசர் என்ற சாஃப்ட்வேர் அதை எழுப்பிக்கொண்டே இருந்தது. நூறு பில்களை ஒரே மெசேஜில் கட்டி அனுப்பியிருந்தேன். அறுபதாவது பில்லில் சாகும், எழுந்ததும் மறுபடி முதல் பில்லில் இருந்து ஆரம்பிக்கும். காலையில் சிலருக்கு அதே பில் பதினோரு முறை போயிருந்தது. ஒருவர் "பதினோரு முறையும் கட்ட வேண்டுமா?" என்று போன் செய்து கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் உண்மையிலேயே சந்தேகத்தில் கேட்டார்.

இதற்கு வழி: மெசேஜை அனுப்பும்போதே அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுங்கள். "முடித்த மெசேஜ்கள்" என்று ஒரு டேபிள் வைத்து, அந்த எண்ணுக்கு யுனீக் இண்டெக்ஸ் (ஒரே எண்ணை இரண்டாம் முறை ஏற்காத பூட்டு) போடுங்கள். வேலையின் டேட்டாபேஸ் மாற்றமும் இந்த டேபிளில் எண்ணைச் சேர்ப்பதும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (நடந்தால் இரண்டும், இல்லையென்றால் எதுவும் இல்லை என்ற கட்டில்) நடக்க வேண்டும். இரண்டாவது முறை வந்தால் யுனீக் இண்டெக்ஸ் தடுக்கும், நீங்கள் அமைதியாக ஆக் அனுப்பிவிட்டு நகரலாம். "முதலில் செலக்ட் போட்டுப் பார்க்கிறேன், இல்லையென்றால் இன்சர்ட் செய்கிறேன்" என்று எழுதாதீர்கள், இரண்டு வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் "இல்லை" என்றுதான் தெரியும்.

மெயில், எஸ்எம்எஸ், பணம் மாதிரி வெளியே போகிற வேலைகளை டிரான்ஸாக்ஷனால் திரும்ப அழைக்க முடியாது. பேமென்ட் கேட்வே "ஐடெம்பொட்டன்சி கீ" (ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யாமல் தடுக்கும் அடையாளம்) ஏற்கிறதா என்று பாருங்கள், ஏற்றால் மெசேஜ் எண்ணையே அதில் கொடுத்துவிடலாம். மெயிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு மெயில் இரண்டாகப் போவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு மெசேஜுக்கு ஒரு மெயில் என்று வைத்திருந்தால் சேதம் ஒன்றோடு நிற்கும், பதினோரு பில் கதை நடக்காது.

ரேபிட் கொடுக்கும் "ரீடெலிவர்ட்" கொடி பற்றியும் கேட்பார்கள். அது ட்ரூவாக இருந்தால் முன்பு யாருக்கோ கொடுக்கப்பட்டது என்றுதான் அர்த்தம், வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்லாது. அதை மட்டும் நம்பி மெசேஜைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒரு மெசேஜ் தோற்றுக்கொண்டே இருக்கிறது, சிபியு 100 சதவீதம் போகிறது. என்ன நடக்கிறது?

எக்ஸெப்ஷன் (பிழை) வந்ததும் "க்யூவிலேயே திரும்பப் போடு" என்று சொல்லியிருப்பீர்கள். ரேபிட் அதைப் பெரும்பாலும் பழைய இடத்திலேயே, அதாவது முன்னாலேயே வைக்கும். உங்கள் வொர்க்கர் உடனே எடுக்கும், தோற்கும், திரும்பப் போடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும், லாக் ஃபைல் டிஸ்க்கை நிரப்பும்.

இரண்டு வகைத் தோல்வியைப் பிரித்துப் பாருங்கள். மெசேஜின் ஜேசனே (டேட்டாவை எழுதும் வடிவம்) உடைந்திருக்கிறது, அந்த ஆர்டரே இல்லை என்றால் ஆயிரம் முறை முயன்றாலும் தோற்கும். அதை நேராக டெட் லெட்டர் க்யூவுக்கு, அதாவது தோற்ற மெசேஜ்களுக்கான தனி க்யூவுக்கு, அனுப்புங்கள். க்யூவை உருவாக்கும்போதே டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (மெசேஜை அந்தத் தனி க்யூவுக்குத் திருப்பிவிடும் இடம்) ஒன்றைக் குறிப்பிட்டு, திரும்பப் போடாமல் நிராகரித்தால் அது அங்கே போய்ச் சேரும். யாராவது மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். யாரும் எட்டிப் பார்க்காத டெட் லெட்டர் க்யூ குப்பைத்தொட்டிக்குச் சமம், எச்சரிக்கை மெயில் வருகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் ஐந்து நிமிடம் படுத்துவிட்டது என்பது வேறு. அதற்குக் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். யாருமே கன்சியூம் செய்யாத ஒரு "காத்திருப்பு க்யூ" வைத்து, அதற்கு ஆயுள் 30 விநாடி என்று கொடுத்து, ஆயுள் முடிந்ததும் அசல் க்யூவுக்கே போகிற மாதிரி டெட் லெட்டர் அமைப்பது பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: மெசேஜுக்கு மெசேஜ் வேறு வேறு ஆயுள் கொடுத்து ஒரே காத்திருப்பு க்யூவில் போடாதீர்கள். ஆயுள் முடிந்த மெசேஜ் க்யூவின் தலைப்பகுதிக்கு வந்தால்தான் வெளியேறும். முன்னால் ஒரு மணி நேர மெசேஜ் உட்கார்ந்திருந்தால் பின்னால் நிற்கும் 10 விநாடி மெசேஜும் ஒரு மணி நேரம் நிற்கும். 30 விநாடிக்கு ஒன்று, 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள்.

சிம்ஃபனி மெசஞ்சரில் இதெல்லாம் கட்டியே வருகிறது, இயல்பாக மூன்று முறை மறுபடி முயலும், இடைவெளி ஒரு விநாடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகும். ரேபிட்டின் குவோரம் க்யூவில் (பல சர்வர்களில் நகல் வைக்கும் வகை) 4.0 பதிப்பிலிருந்து டெலிவரி வரம்பு இயல்பாகவே 20. அதைத் தாண்டினால் டெட் லெட்டருக்குப் போகும், டெட் லெட்டர் வைக்கவில்லை என்றால் மெசேஜ் தூக்கி எறியப்படும். அதனால் பதிப்பு உயர்த்தும் முன் இதைச் சரிபாருங்கள்.

பத்து நிமிடம் ஓடும் ரிப்போர்ட் முடிந்து ஆக் அனுப்பும்போது "ப்ரோக்கன் பைப்" வருகிறது. ஏன்?

ஹார்ட்பீட், அதாவது "உயிரோடு இருக்கிறேன்" என்று இரு முனையும் அவ்வப்போது அனுப்பும் துடிப்பு. ரேபிட் இயல்பாக 60 விநாடி என்று முன்மொழியும், அதற்குள் மறுமுனையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை என்றால் ஆள் இறந்துவிட்டான் என்று கனெக்‌ஷனை மூடிவிடும். மற்ற மொழிகள் சிலவற்றின் லைப்ரரிகள் இதற்குப் பின்னால் ஒரு திரெட் (இணையாக ஓடும் தனி வேலை) வைத்திருக்கும். பிஎச்பியில் இருப்பது ஒரே திரெட், அது உங்கள் ரிப்போர்ட்டைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது, துடிப்பை யார் அனுப்புவது? ரேபிட் லாகைத் திறந்து பாருங்கள், ஹார்ட்பீட் தவறியது என்ற வரி அங்கே இருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், ரிப்போர்ட் முடிந்துவிட்டது, ஆனால் மெசேஜ் திரும்பிப் போய்விட்டது, அடுத்த வொர்க்கர் அதே பத்து நிமிடத்தை மறுபடி செலவழிக்கும், அதுவும் இதே மாதிரி தோற்கும்.

ரேபிட்டோடு பேச உதவும் பிஎச்பி-ஏஎம்க்யூபி-லிப் லைப்ரரியில் சிக்னல் வழியாக ஹார்ட்பீட் அனுப்பும் ஒரு கிளாஸ் இருக்கிறது, அது உதவும். அல்லது அந்த வேலைக்கு மட்டும் ஹார்ட்பீட்டைக் கூட்டுங்கள். என் விருப்பம் வேலையைத் துண்டு துண்டாக வெட்டுவது. ஹார்ட்பீட்டைச் சரிசெய்தாலும் இன்னொரு சுவர் இருக்கிறது: கொடுத்த மெசேஜுக்கு 30 நிமிடத்துக்குள் ஆக் வராவிட்டால் இப்போதைய ரேபிட் பதிப்புகள் அந்தச் சேனலையே (மெசேஜ் வந்த பாதையை) மூடிவிடும்.

லாராவெல்காரர்களுக்கு இதே நோய் வேறு உருவில் வரும். கான்ஃபிக்கில் "ரெட்ரை ஆஃப்டர்" 90 விநாடி, வொர்க்கரின் டைம்அவுட் 60 விநாடி என்பது இயல்பு. வேலை நீளமாக இருக்கிறதே என்று டைம்அவுட்டை மட்டும் 300 ஆக்கிவிட்டு மற்றதை மறந்தால், 90வது விநாடியில் இன்னொரு வொர்க்கர் அதே வேலையை எடுத்துக்கொள்ளும். ரெட்ரை ஆஃப்டர் எப்போதும் டைம்அவுட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எஸ்க்யூஎஸ்ஸில் இந்த வேலையை விசிபிலிட்டி டைம்அவுட் செய்கிறது, இயல்பு 30 விநாடி, அதிகபட்சம் 12 மணி நேரம்.

ப்ரீஃபெட்ச் எவ்வளவு வைக்கலாம்?

ஆக் வரும் முன்பே ஒரு வொர்க்கரிடம் எத்தனை மெசேஜ் கொடுத்து வைக்கலாம் என்பதுதான் ப்ரீஃபெட்ச். சொல்லாவிட்டால் வரம்பே இல்லை, முதலில் எழுந்த வொர்க்கரின் தலையில் மொத்த க்யூவும் கொட்டப்படும், மற்ற நான்கு பேரும் சும்மா நிற்பார்கள். ஒவ்வொரு வேலையும் சில விநாடி எடுக்கும் என்றால் 1 வையுங்கள். சில மில்லிவிநாடி வேலை என்றால் 20, 50 என்று ஏற்றிப் பார்த்து அளந்து முடிவு செய்யுங்கள்.

நினைவகம் ஏறிக்கொண்டே போய் "134217728 பைட்ஸ்" என்று ஏதோ சொல்லிச் சாகிறது.

அது 128 எம்பி, பிஎச்பியின் இயல்பு வரம்பு. வரம்பைக் கூட்டுவது சாவைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வழக்கமான குற்றவாளிகள்: டேட்டாபேஸ் லைப்ரரியான டாக்ட்ரினின் எண்டிட்டி மேனேஜர் தொட்ட ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் பிடித்து வைத்திருக்கும், ஒவ்வொரு மெசேஜுக்குப் பிறகும் கிளியர் செய்யுங்கள். க்வெரி லாக் இயங்கிக்கொண்டிருக்கும். யாரோ "கேஷ்" என்று சொல்லி ஸ்டாட்டிக் அரேயில் சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள்.

எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். 500 மெசேஜ் முடித்ததும், அல்லது ஒரு மணி நேரம் ஆனதும், வொர்க்கர் தானாக ஒழுங்காக வெளியேறட்டும், சூப்பர்வைசர் புதிதாக ஒன்றை எழுப்பும். லாராவெல், சிம்ஃபனி இரண்டிலும் இதற்கான ஆப்ஷன்கள் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, சாவது பிஎச்பிக்குக் கைவந்த கலை.

இரவெல்லாம் சும்மா இருந்துவிட்டு, காலையில் வரும் முதல் மெசேஜ் மட்டும் டேட்டாபேஸ் எரரில் தோற்கிறது.

மைஎஸ்க்யூஎல் பேசாமல் இருக்கும் கனெக்‌ஷனை 28800 விநாடியில், அதாவது 8 மணி நேரத்தில் மூடிவிடும். இதை நிர்வாகிகள் பல இடங்களில் இன்னும் குறைத்து வைத்திருப்பார்கள். "சர்வர் ஹேஸ் கான் அவே" என்று வரும். மெசேஜைத் தொடும் முன் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி இணையுங்கள். அல்லது ஆக் அனுப்பாமல் வெளியேறிவிடுங்கள், மெசேஜ் பத்திரமாகத் திரும்பும்.

வெளியேறும் வழியில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தது. டேட்டாபேஸ் நிஜமாகவே படுத்திருக்கும்போது வொர்க்கர் எழுந்த உடனே சாகும். சூப்பர்வைசர் இயல்பாக மூன்று முறைதான் திரும்ப முயலும், பிறகு "ஃபேட்டல்" என்று குறித்துவிட்டுக் கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டது, வொர்க்கர்கள் மறுநாள் காலைவரை எழவில்லை. எரரில் வெளியேறும் முன் ஐந்து விநாடி தூங்கச் செய்யுங்கள், அப்போது அதை "தொடங்கவே முடியாத புரோகிராம்" என்று சூப்பர்வைசர் கணக்கில் எடுக்காது.

புது கோட் போட்டுவிட்டேன், வொர்க்கர் பழைய மாதிரியே நடந்துகொள்கிறது.

அது பழைய கோடைத்தான் நினைவகத்தில் வைத்திருக்கிறது. டிப்ளாய் (புது கோட் போடும்) ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் வொர்க்கர்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதை முரட்டுத்தனமாகச் செய்யாதீர்கள். சிக்டெர்ம் (நின்றுவிடு என்று கேட்கும்) சிக்னல் வந்தால் "கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று ஒரு கொடியை ஏற்றி, மெசேஜ் முடிந்ததும் லூப்பை விட்டு வெளியேற வேண்டும். இதற்கு பிசிஎன்டிஎல் எக்ஸ்டென்ஷன் வேண்டும், பிஎச்பி 7.1 முதல் சிக்னல்களை ஒத்திசைவில்லாமல் பிடிக்கலாம். ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு: வொர்க்கரை ஓட்டும் கருவிகளில் சூப்பர்வைசரும் டாக்கரும் 10 விநாடி, குபர்னெட்டிஸ் 30, சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி பார்த்துவிட்டு சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பிவிடும். உங்கள் வேலை 40 விநாடி எடுக்கும் என்றால் அந்த எண்ணை ஏற்றி வையுங்கள். டாக்கரில் கமாண்டை ஷெல் வழியாக எழுதியிருந்தால் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும், பிஎச்பிக்கு வந்தே சேராது.

மெசேஜுக்குள் என்ன வைக்க வேண்டும்?

முழு ஆப்ஜெக்ட்டையும் சீரியலைஸ் செய்து (எழுத்துத் தொடராக மாற்றி) அனுப்பாதீர்கள். கிளாஸில் ஒரு ப்ராப்பர்ட்டி பெயர் மாறினாலே க்யூவில் காத்திருக்கும் பழைய மெசேஜ்கள் உடைந்துவிடும், தெரியாத இடத்தில் இருந்து வரும் டேட்டாவை அன்சீரியலைஸ் செய்வது பாதுகாப்புக்கும் கேடு. ஜேசன், அதில் ஆர்டர் எண், மெசேஜ் எண், வடிவப் பதிப்பு. மற்றதை வொர்க்கர் டேட்டாபேஸில் இருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இதில் "ஆர்டர் இல்லை என்று வொர்க்கர் சொல்கிறது, நான் பார்த்தால் இருக்கிறது" என்ற மர்மம் வரும். டிரான்ஸாக்ஷன் கமிட் ஆவதற்கு (நிரந்தரமாகப் பதிவாவதற்கு) முன்பே மெசேஜை அனுப்பிவிட்டீர்கள், வொர்க்கர் உங்களைவிட வேகமாக ஓடிவிட்டது. கமிட் ஆன பிறகு அனுப்புங்கள். கமிட் ஆகி, அனுப்புவதற்குள் சர்வர் போய்விட்டால்? அந்த அளவு கறாராக இருக்க வேண்டும் என்றால், மெசேஜை முதலில் அதே டிரான்ஸாக்ஷனில் ஒரு "அவுட்பாக்ஸ்" டேபிளில் எழுதிவிட்டு, வேறொரு சிறு ஸ்கிரிப்ட் அங்கிருந்து ரேபிட்டுக்குக் கொண்டுபோகட்டும். எல்லாருக்கும் இது தேவையில்லை, பணம் சம்பந்தப்பட்டால் தேவை.

ரேபிட்டை ரீஸ்டார்ட் செய்தேன், மெசேஜ் எல்லாம் காணோம்.

க்யூ "டியூரபிள்" ஆக இருந்தால் க்யூ பிழைக்கும், உள்ளே இருக்கும் மெசேஜ் பிழைக்க டெலிவரி மோட் 2 (மெசேஜை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் அமைப்பு) வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். அனுப்பும் பக்கத்தில் பப்ளிஷர் கன்ஃபர்மும் (மெசேஜ் வந்து சேர்ந்தது என்று ரேபிட் தரும் ஒப்புதல்) போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு வொர்க்கர் போட்டதும் வரிசை மாறுகிறது. "ரத்து" முதலில் வந்து "ஆர்டர்" பிறகு வருகிறது.

மாறத்தான் செய்யும். க்யூவில் வரிசையாக நின்றாலும் நான்கு கவுன்டர் திறந்தால் யார் முதலில் முடித்து வெளியே வருவார் என்று சொல்ல முடியாது. ஒரே ஆர்டரின் மெசேஜ்கள் மட்டும் வரிசை தவறக்கூடாது என்றால், ஆர்டர் எண்ணை ஹாஷ் செய்து (ஒரே எண் எப்போதும் ஒரே க்யூவுக்குப் போகிற மாதிரி) நான்கு க்யூவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரே வொர்க்கர் வையுங்கள். அதைவிட எளிது, டேபிளில் நிலையைப் பார்த்து "ரத்தான ஆர்டரை மறுபடி திறக்காதே" என்று கோடில் எழுதுவது.

க்யூவில் பழைய குப்பை நிறைய இருக்கிறது, பர்ஜ் (மொத்தமாக அழிப்பது) அடிக்கலாமா?

அடிக்கலாம், காத்திருக்கும் மெசேஜ்கள் மட்டும்தான் அழியும். வொர்க்கர் கையில் ஆக் ஆகாமல் இருப்பவை அழியாது, வொர்க்கரை நிறுத்தினால் அவை மறுபடி க்யூவில் வந்து உட்காரும், "பர்ஜ் வேலை செய்யவில்லை" என்பீர்கள். அதனால் முதலில் வொர்க்கர்களை நிறுத்துங்கள், பிறகு பர்ஜ். 15672 போர்ட்டில் இருக்கும் மேலாண்மைப் பக்கத்தில் அந்தப் பட்டனை அழுத்தும் முன் பிரவுசர் டேபில் இருக்கும் முகவரியை ஒரு தடவை படித்துவிடுங்கள். டெஸ்ட் சர்வரும் லைவ் சர்வரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.